செஞ்சிக் கோட்டையில் சந்தித்த எழுதுகோல்கள்

நம் பிள்ளைகள் ஒரே நாளில் இரு திசைகளில் எழுதுகிறார்கள். பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. மாலையில் மக்தபில் அலிஃபும் பேயும் வலமிருந்து இடமாக வருகின்றன. திசை மாறுகிறது, எழுத்தின் உடலமைப்பும் மாறுகிறது. மாறாமல் இருப்பது பிள்ளையின் கையிலுள்ள பால்பாயிண்ட் பேனா ஒன்றுதான். விரல் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்கிறோம். எழுத்து கோணினால் கவனமில்லை என்று கடிந்துகொள்கிறோம். கையில் இருக்கும் கோல் அந்த எழுத்துக்கு ஏற்றதுதானா என்று விசாரிக்கும் வழக்கம் நம் வீடுகளிலிருந்து போய்விட்டது.

முன்னோரிடம் அந்த வழக்கம் இருந்தது. எந்த எழுத்துக்கு எந்தக் கோல், எந்தக் கோலுக்கு எந்த மை, எந்த மைக்கு எந்தத் தாள் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு கல்வியாகவே இருந்தன. அந்தக் கல்வியின் தடயங்களைத் தேடி பாக்தாதுக்கோ இஸ்தான்புலுக்கோ போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியே போதும்.

செஞ்சியை நாம் பெரும்பாலும் போர்களின் ஊராகவே அறிவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய இக்கோட்டை, 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து ஒரே தொகுதியாக வழங்கப்பட்ட அந்தத் தகுதியில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள கோட்டை இது ஒன்றே. அந்த அறிவிப்பையொட்டி வெளிவந்த எழுத்துகளிலும் பீரங்கி, அகழி, தானியக் களஞ்சியம், கல்யாண மகால் என்றே பேசப்பட்டது. நாம் இங்கே பார்க்க விரும்புவது வேறொன்று. 1649இல் நாயக்கர்களிடமிருந்து பிஜப்பூர் சுல்தானியம் செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் சிவாஜி வந்தார். 1698இல் அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் நெடிய முற்றுகைக்குப் பின் வென்றார். பிறகு ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தனை கை மாறிய இந்த ஊருக்கு வந்த ஒவ்வொரு படையோடும் ஓர் எழுத்தர் கூட்டமும் வந்தது. ஒவ்வொரு கூட்டமும் தனக்குரிய எழுத்தையும் தனக்குரிய எழுதுகோலையும் கொண்டு வந்தது. ஊரின் பெயரே அதற்குச் சான்று. பிஜப்பூர் ஆவணங்களில் அது பாதுஷாபாத். மராத்தியர் கையில் சந்தி. முகலாயர் எழுத்தில் நுஸ்ரத்கட். ஐரோப்பியர் ஜிஞ்சி என்று எழுதினர். மலை ஒன்றுதான், எழுதிய கைகள் வேறு.

முதலில் நம் மண்ணின் கோல். நாயக்கர் காலத்துச் செஞ்சியில் கணக்கும் கடிதமும் இலக்கியமும் பனையோலையில்தான் எழுதப்பட்டன. ஓலைக்குரிய கருவி இரும்பு எழுத்தாணி. அதிலும் வகைகள் உண்டு. தலை குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. ஓலையை வாரிச் சீராக்கும் அலகோடு சேர்ந்தது வாரெழுத்தாணி. கத்தியும் ஆணியும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்வது மடக்கெழுத்தாணி. எழுதுபவர் தம் கைக்கும் வேலைக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுத்தார்.

ஓலையில் எழுதுவது தாளில் எழுதுவதைப் போன்றதன்று. மேசையில் வைத்து எழுதுவதில்லை. ஓலையை இடக்கையில் ஏந்தி, ஆணியை வலக்கையில் பிடித்து, இடக்கைப் பெருவிரலால் ஆணிக்கு அண்டை கொடுத்து, ஓலையை நகர்த்திக்கொண்டே கீறுவார்கள். ஆணி அதிகம் நகர்வதில்லை, ஓலைதான் நகரும். சில எழுத்தர்கள் ஆணி நழுவாமல் நிற்பதற்காக இடக்கைப் பெருவிரல் நகத்தில் ஒரு சிறு வெட்டு வைத்துக்கொள்வதும் உண்டு. எழுதி முடித்ததும் விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறல்களில் கருமை தங்கி எழுத்து துலங்கும். கருவியின் இயல்பு எழுத்தையும் பாதித்தது. ஆணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் விட்டனர். எது குறில், எது நெடில், எது மெய் என்பதை வாசிப்பவரே ஊகித்தறிந்தார். பிற்காலத்தில் ஏகார ஓகாரங்களை வேறுபடுத்திக் காட்ட வீரமாமுனிவர் புதிய வடிவங்களைக் கொண்டுவர நேர்ந்ததற்கும் இதுவே பின்னணி. ஒரு கோலின் கூர்மை ஒரு மொழியின் எழுத்திலக்கணம் வரை எட்டியிருக்கிறது.

நம் சமுதாயத்தின் தமிழ் இலக்கியமும் இந்த ஆணியின் வழியேதான் நமக்கு வந்து சேர்ந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலைகளில் படியெடுக்கப்பட்டே வழங்கிவந்தது. செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அதை 1842இல் அச்சில் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஒவ்வொரு படியும் யாரோ ஒருவருடைய பெருவிரல் நகத்தின் உழைப்பு.

பிஜப்பூர் படையோடு செஞ்சிக்குள் வந்தது வேறு வகைக் கோல். அது கலம். நாணல் தட்டையைச் சீவி, முனை வெட்டி, நடுவில் பிளந்து செய்வது. முதன்முதலாக அருளப்பட்ட அலக் அத்தியாயத்து வசனங்களிலேயே எழுதுகோல் குறிப்பிடப்படுவதையும், திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் அல்கலம் என்றே பெயர் பெற்றிருப்பதையும் நாம் அறிவோம். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதத் தெரிந்தோர், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே மீட்புத் தொகையாகச் செலுத்தி விடுதலை பெற்றனர் என்னும் செய்தியும் நம் வரலாற்று நூல்களில் உண்டு. எழுத்துக்கு இவ்வளவு மதிப்பளித்த சமுதாயம், எழுதும் கருவியையும் அலட்சியமாக விடவில்லை.

கலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நுட்பங்கள் இருந்தன. தட்டை நன்கு முற்றியிருக்க வேண்டும். கோணல் இருக்கக் கூடாது. கையில் உருட்டிப் பார்த்தால் சீராக உருள வேண்டும். அதைச் சீவும் கத்திக்குப் பாரசீகத்தில் கலம்தராஷ் என்று தனிப்பெயர். முனையை இறுதியாக வெட்டும்போது அடியில் வைத்துக்கொள்ளத் தந்தத்திலோ எலும்பிலோ செய்த சிறு தட்டு ஒன்று இருந்தது. அதன் பெயர் மக்தா. மைக்கூட்டினுள் பட்டுநூல் பஞ்சு ஒன்றை இட்டு வைப்பார்கள். கலத்தை அதில் ஒற்றினால் வேண்டிய அளவு மை மட்டுமே ஏறும், சொட்டு விழாது. மை, விளக்குக் கரியும் கருவேலம் பிசின் போன்ற பசையும் சேர்த்து அரைத்தது. தவறாக எழுதினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மக்தபுகளில் மரப்பலகையில் எழுதி, ஓதி மனனம் செய்து, கழுவிவிட்டு மறுபாடம் எழுதிய பழைய முறை இந்த மையை நம்பியே நடந்தது.

முனையின் அகலமே எழுத்துக்கு அளவுகோல். அப்பாசிய வஸீராக இருந்த இப்னு முக்லா, கலத்தின் முனையைச் சாய்த்து அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியை அலகாகக் கொண்டு ஒவ்வோர் எழுத்தின் உயரத்தையும் வளைவையும் வகுத்தார். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், பே இத்தனை புள்ளி நீளம் என்று கணக்கிடும் முறை அவரோடு இணைத்தே பேசப்படுகிறது. அரசியல் பகையால் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. துண்டித்த கையில் கோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பார்கள். 940இல் சிறையில் இறந்தார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பாக்தாதில் வாழ்ந்த யாகூத் அல்முஸ்தஃஸிமி, முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டும் முறையால் எழுத்துக்கு மென்மையையும் நளினத்தையும் கூட்டினார் என்று கலைவரலாறு சொல்கிறது. வெட்டின் கோணத்தில் ஏற்பட்ட சிறு மாற்றம், எழுத்தின் அழகையே மாற்றிவிட்டது!

வசதியைப் பற்றிய கவலையும் அவர்களுக்கு இருந்தது. ஃபாத்திமியக் கலீஃபா அல்முஇஸ், பத்தாம் நூற்றாண்டில், மைக்கூட்டைத் தேடாமலே எழுதக்கூடிய கோல் ஒன்று வேண்டும் என்று கேட்டதாகக் காழி அல்நுஃமான் பதிவு செய்திருக்கிறார். மை உள்ளேயே இருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தாலும் ஒழுகக் கூடாது. ஆடையில் செருகினாலும் கறை படக் கூடாது. எழுதும்போது மட்டும் மை இறங்க வேண்டும். கைவினைஞர் ஒருவர் அதைப் பொன்னில் செய்து கொடுத்தாராம். மை அடைத்த பேனாவை வாட்டர்மேன் காப்புரிமை செய்தது 1884இல். இவற்றுக்கு இடையே 900 ஆண்டுகள். நாள் முழுதும் முழுக்குர்ஆனைப் பிரதி செய்யும் உஸ்மானிய எழுத்தர்களோ, நாணல் முனை அடிக்கடி தேய்வதைப் பார்த்து, தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து வந்த ஒருவகைப் பனையின் கடினமான கரிய நாரைக் கோலாகப் பயன்படுத்தினர். அதற்கு ஜாவா கலம் என்றே பெயர். வேலையின் அளவு பார்த்துக் கோல் மாற்றுவது அவர்களுக்கு இயல்பாக இருந்தது.

இனி மீண்டும் செஞ்சிக்கு வருவோம். 1689இன் இறுதியில் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பித் தெற்கே வந்து செஞ்சியில் அரசவை அமைத்தார். ஏறத்தாழ எட்டாண்டு காலம் மராத்திய அரசு இந்தக் குன்றுகளிலிருந்தே இயங்கியது. படையும் பணமும் குறைவாக இருந்த அவ்வரசு பெரிதும் நம்பியிருந்தது எழுத்தை. தொலைதூரத்து மராத்தியத் தலைவர்களைத் தம் பக்கம் நிறுத்திவைக்க நில உரிமைப் பத்திரங்கள் செஞ்சியிலிருந்து எழுதி அனுப்பப்பட்டன. ராஜாராமோடு வந்தவர்களில் ஒருவர் கண்டோ பல்லாள். சிவாஜியின் எழுத்தரான பாலாஜி ஆவ்ஜியின் மகன். பரம்பரை சிட்னிஸ், அதாவது அரசின் கடிதங்களை எழுதும் பொறுப்புடையவர்.

அவர்கள் எழுதியது மோடி எழுத்தில். போரூ என்னும் நாணல் பேனாவே அதற்கும் கருவி. ஆனால் எழுதும் முறை வேறு. தாளின் ஓரம் முதல் ஓரம் வரை முதலில் மேற்கோட்டை இழுத்துவிடுவார்கள். பிறகு அதன் கீழே எழுத்துகளைத் தொங்கவிட்டபடி, கூடியவரை கோலை எடுக்காமலே எழுதிச் செல்வார்கள். தேவநாகரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கோலை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருந்த சிரமத்தை இது போக்கியது. கையின் களைப்பைக் குறைப்பதற்காக எழுத்தையே வளைத்துக்கொண்ட முறை என்று இதைச் சொல்லலாம். தஞ்சை மராத்தியர் காலத்து மோடி ஆவணங்கள் மூட்டை மூட்டையாகத் தஞ்சாவூரில் இருந்தன; அவற்றை வாசிக்கத் தெரிந்தோர் இன்று மிகச் சிலரே.

கோட்டைக்குள் மோடி எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மதிலுக்கு வெளியே முகலாயப் பாசறையில் பாரசீகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பீம்சேன். தல்பத் ராவ் புந்தேலா என்னும் தளபதியிடம் பணிபுரிந்த காயஸ்தர். செஞ்சி முற்றுகையையும் தாம் கண்ட தென்னாட்டையும் ‘நுஸ்கா ஏ தில்குஷா’ என்னும் தம் பாரசீக நூலில் எழுதி வைத்தார். பின்னாளில் நவாப் சாதத்துல்லா கானைப் பற்றி ‘சயீத் நாமா’ எழுதியவரும் ஜஸ்வந்த் ராய் என்னும் பெயருடையவரே. கலமும் பாரசீகமும் முஸ்லிம்களின் தனியுடைமை என்று எண்ணுவோர் இவ்விரு பெயர்களையும் நினைவில் வைப்பது நல்லது. எழுதுகோலுக்கு மதம் பார்க்காத காலம் அது. படை யாருடையதாக இருந்தாலும் எழுத்தர் பணிக்குத் தேவைப்பட்டது தெளிவான கையும் நேர்மையான கணக்குமே.

செஞ்சியின் மிகப் புகழ்பெற்ற சண்டையே ஒரு தாளைப் பற்றியது எனலாம். சொரூப் சிங் இறந்தபின் அவர் மகன் தேஜ் சிங், நம் மக்களின் தேசிங்கு ராஜா, செஞ்சியின் பொறுப்பை ஏற்றார். தம் தந்தைக்கு அவுரங்கசீப் அளித்த ஃபர்மான் தமக்கும் போதுமானது என்பது அவர் நிலை. மன்னர் மாறிவிட்டார், புதிய சனது பெற வேண்டும், நிலுவையிலுள்ள திறையைக் கட்ட வேண்டும் என்பது ஆற்காட்டின் நிலை. பழைய மையா புதிய மையா என்ற இந்த வழக்கு 1714 அக்டோபரில் போர்க்களத்தில் தீர்ந்தது. இளைஞர் தேசிங்கும் அவருடைய உயிர்த்தோழர் மகபத் கானும் உயிரிழந்தனர். பாரசீகக் கலம் வென்றவரின் பக்கம் நின்று எழுதியது. தமிழ்க் கதைப்பாடலோ தோற்றவரின் பக்கம் நின்று பாடியது. அந்தப் பாடலில் மகபத் கான் மோவுத்துக்காரனாகி, இந்துவும் முஸ்லிமும் ஒருவருக்காக ஒருவர் உயிர்விட்ட நட்பின் உருவமாக இன்றும் நிற்கிறார். எழுதப்பட்டதைவிடப் பாடப்பட்டது நெடுங்காலம் நிலைத்த இடங்களில் செஞ்சியும் ஒன்று. இதை எழுதுகோலின் புகழ் பாடும் கட்டுரையில் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

போருக்குப் பின், 1717–18இல், சாதத்துல்லா கானின் பெயரால் கோட்டைக்குள் பள்ளிவாசல் எழுந்தது. அதிலுள்ள பாரசீகக் கல்வெட்டு அவர் தேசிங்கை வென்றதைக் குறிக்கிறது. கோட்டையைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் நம் குடும்பங்கள் அந்தப் பள்ளிவாசலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளை கேட்டால் நம்மில் பெரும்பாலோர்க்கு விடையில்லை. எழுத்து அரபு வரிவடிவம். ஓதத் தெரிந்த கண்ணுக்கு எழுத்துகள் தெரிகின்றன. ஆனால் மொழி பாரசீகம், பொருள் பிடிபடுவதில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியின் ஆட்சிமொழியாக இருந்த ஒன்று, அதன் எழுத்தை நாள்தோறும் ஓதுகின்ற நமக்கே அயலாகிவிட்டது.

ஒன்றைக் கவனிக்கலாம். நம் கோயில்களில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் கல்லில் வெட்டி இறக்கியவை. எழுத்து பள்ளமாக இருக்கும். இந்தியாவின் பாரசீகக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி நீக்கி, எழுத்தைப் புடைப்பாக நிறுத்தியவை. ஆணி ஓலையைக் கீறி உள்ளே செல்கிறது. கலம் தாளின் மேல் மையை நிறுத்திச் செல்கிறது. கல்லில் தெரியும் இந்த வேறுபாட்டில் அவ்விரு கோல்களின் பழக்கமும் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. இது நம் ஊகமே. ஆனால் புடைப்பெழுத்தின் தடித்தும் மெலிந்தும் செல்லும் கோடுகள் அகல முனைக் கலத்தின் கோடுகளே என்பதில் ஐயமில்லை. எழுத்தர் கலத்தின் இயல்பில் வரைந்து கொடுத்ததைத்தான் சிற்பி கல்லில் நிறுத்தினார்.

பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்தது வாத்தின் இறகு. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வலக்கையாளருக்கு இடச்சிறகின் இறகே விரும்பப்பட்டது, அதன் வளைவு கண்ணை மறைக்காது என்பதால். போர்த்துகீசிய மொழியில் இறகைக் குறிக்கும் ‘பெனா’ என்ற சொல்தான் நம் பேனா. பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பிடித்த காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார்; 1736 முதல் 1761 வரை நீளும் அக்குறிப்புகள் ஓலையை விட்டுத் தாளுக்கு வந்த தமிழ். ஆணிக்குப் பழகிய மொழி மையில் எப்படி ஓடியது என்பதை அறிய விரும்புவோர்க்கு அது பெருஞ்செல்வம்.

பாரசீகம் ஆட்சிமொழி என்ற நிலையை 1837ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இழந்தது. ஆனால் அந்த எழுத்தர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இன்னும் செஞ்சியின் அரசு அலுவலகத்தில் உயிரோடு இருக்கின்றன. தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, அசல், நகல், தாக்கல், மகஜர், ரசீது, பாக்கி. ஒரு பட்டா மாறுதலுக்குப் போய் வருபவர் தம்மை அறியாமலே அரை மணி நேரம் அரபியும் பாரசீகமும் பேசிவிட்டு வருகிறார். காகிதம் என்ற சொல்லே அவ்வழியில் வந்ததுதான். ஆந்திரத்திலும் தமிழகத்திலும் துணியில் ஓவியம் தீட்டுவோரின் கலம்காரியில் இருப்பதும் அதே கலம். அங்கே மூங்கில் குச்சியில் துணியோ கம்பளியோ சுற்றிச் சாயத்தைத் தேக்கிக்கொள்கிறார்கள்.

நம் கடற்கரை ஊர்களில் கலம் இன்னொரு பணியும் செய்தது. தமிழையே அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதிய அரபுத்தமிழ் அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளிகளை இட்டனர். ஓலையில் புள்ளியைக் கைவிட்ட தமிழ், கலத்தின் வழியே புள்ளி மேல் புள்ளி பெற்றது! கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்கள், தமிழெழுத்துப் படிக்காத பெண்களுக்கும் மார்க்க அறிவைக் கொண்டு சேர்த்தன. பாட்டியார் காலத்து அரபுத்தமிழ் ஏடுகள் நம் வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன. வீடு இடித்துக் கட்டும்போது அவை குர்ஆன் தாள்கள் என்று எண்ணிக் கிணற்றிலோ கடலிலோ இடப்படுகின்றன. ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு, வாசிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். அதில் உங்கள் குடும்பத்துக் கணக்கும் மருந்துக் குறிப்பும் தாலாட்டும்கூட இருக்கக்கூடும்.

அதன்பின் வந்தவை நாம் அறிந்தவை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆயிரக்கணக்கில் அச்சடித்தெடுத்த எஃகு நிப்பு, தொட்டு எழுதும் கட்டைப் பேனா, மை அடைத்த பேனா. சிங்கப்பூரிலிருந்தும் பிறகு வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பிய சபராளிகளின் பெட்டியில் அத்தருக்கும் கைலிக்கும் அடுத்தபடியாக ஹீரோ பேனாவும் பைலட் பேனாவும் இருந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற பால்பாயிண்ட் பேனா இவை அனைத்தையும் ஓரங்கட்டியது. ஒழுகாது, உலராது, மலிவு, எங்கும் எழுதும். அதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் மை பசை போன்றது. குண்டு உருண்டால்தான் இறங்கும். உருள்வதற்கு அழுத்தம் வேண்டும். கலமும் நிப்புப் பேனாவும் தாளைத் தொட்டாலே போதும். இந்த அழுத்தம்தான் நாள் முழுதும் எழுதும் பிள்ளையின் பெருவிரலிலும் மணிக்கட்டிலும் வலியாகச் சேர்கிறது. மேலும் பால்பாயிண்ட் எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே தடிமனில்தான் கோடு போடும். தமிழுக்கு அதனால் இழப்பு அதிகமில்லை, ஏனெனில் ஆணியும் அப்படித்தான். தடித்தும் மெலிந்தும் வளர்ந்த அரபு எழுத்துக்கோ அது பாதி உயிரை எடுத்துவிடுகிறது. மக்தபில் பிள்ளை எழுதும் ஜீமும் ஐனும் கம்பியை வளைத்தது போல் இருப்பதற்குப் பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது.

என்ன கொடுக்கலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு நாம் சொல்வது இது. எழுதத் தொடங்கும் வயதில் பென்சிலே நல்லது. அதிலும் எச்பி என்று அச்சிட்டதைவிட 2பி என்று அச்சிட்டது மென்மையானது. கிராஃபைட்டோடு களிமண்ணைக் கலந்து சுடும் முறையை 1795இல் காண்டே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டார். களிமண் குறையக் குறையக் குச்சி மென்மையாகும், குறைந்த அழுத்தத்தில் கருமையாக எழுதும். சின்ன விரல்களுக்கு மெல்லிய பென்சிலைவிடச் சற்றுப் பருமனானதும் முக்கோண வடிவமானதும் பிடிக்க எளிது. பென்சிலை முனைக்கு மிக அருகில் இறுக்கிப் பிடிக்கும் பிள்ளையின் விரல்நுனி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் பிடி இறுகியிருக்கிறது என்று பொருள். திட்டுவதற்கு முன் பென்சிலை மாற்றிப் பாருங்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வில் அனுமதி இருந்தால் மை அடைத்த பேனாவோ ஜெல் பேனாவோ கையை அதிகம் வருத்தாது. இடக்கையால் எழுதும் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுதும்போது ஈர எழுத்தின் மேல் அதன் கை உரசிச் செல்லும். விரைவில் உலரும் மையைக் கொடுங்கள். அரபி எழுதும்போது கை எழுத்துக்கு முன்னே செல்வதால் அந்தத் தொல்லையே இல்லை. வலக்கையால் எழுதும் மற்ற பிள்ளைகளைவிட அங்கே அதற்குத்தான் வசதி அதிகம்.

அரபு எழுத்துக்கு மட்டும் தனிக்கோல் ஒன்று வைத்திருப்பது அவசியம் என்றே கருதுகிறோம். கடைகளில் கிடைக்கும் சாய்முனை மார்க்கர் தொடக்கத்துக்குப் போதும். அதுவும் இல்லையெனில் இரண்டு பென்சில்களை ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். இரு முனைகளும் இரு கோடுகள் போடும்போது, கலத்தின் அகலம் எங்கே விரிகிறது, எங்கே மெலிகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் கண்டுகொள்ளும். கலமே செய்ய விரும்பினால் காய்ந்த கொறுக்கைத் தட்டையோ சுண்டுவிரல் பருமனுள்ள மூங்கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளம் வேண்டும். நுனியை நீளச் சாய்வாகச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்து, இரு பக்கமும் ஒடுக்கி, நடுவில் ஒரு பிளவு கீறி, கடைசியாக ஒரு கட்டையின் மேல் வைத்து முனையைச் சாய்வாக ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். முனை மூன்று மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். கோடு போட்ட நோட்டு வேண்டாம். வழவழப்பான வெள்ளைத் தாள். முதல் நாள் அலிஃபுகூட வேண்டாம். சாய்சதுரப் புள்ளிகளை மட்டும் ஒரு பக்கம் நிறைய வைக்கச் சொல்லுங்கள்.